கிளட்ச் வழுக்குகிறதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் "கிளட்ச் போய்விட்டது" என்ற தீர்ப்பை அடிக்கடி கேட்கலாம். மேட்டில் வண்டி இழுக்காவிட்டாலும் அதே தீர்ப்பு. கியர் விழ மறுத்தாலும், கிளம்பும்போது வண்டி குலுங்கினாலும், பெடலை மிதிக்கையில் கீழிருந்து சத்தம் வந்தாலும் அதே தீர்ப்புதான். இவை வெவ்வேறு கோளாறுகள். காரணம் வேறு, மருந்து வேறு, செலவும் வேறு. இவற்றுள் ஒன்றுக்கு மட்டும்தான் கிளட்ச் வழுக்கல், அதாவது பட்டறைகளில் சொல்லும் 'ஸ்லிப்', என்ற பெயர் பொருந்தும். அந்த வழுக்கலிலும் கிளட்ச் செட்டை, அதாவது உள்ளே சேர்த்து மாற்றும் கிளட்ச் பாகங்களை, தொடாமலேயே சரியாகிவிடுகிற வகை உண்டு.

கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். செட்டின் விலை, கூலி, வண்டி ஓடாத நாட்களின் வாடகை இழப்பு என்று செலவு மூன்று பக்கம் போகும். காய்கறி மூட்டையோ சிமெண்டோ ஏற்றி அன்றாடம் பிழைப்பவருக்கு இது பெரிய அடி. வெளியே ஒரு நட்டைத் திருகியிருந்தால் தீர்ந்திருக்கும் கோளாறுக்காக ஒருவர் இந்தச் செலவைச் செய்வதும், செட்டை மாற்றிவிட்டு ஆயில் கசிவை அப்படியே விட்டதால் சில மாதங்களில் மறுபடி கியர்பாக்ஸை இறக்குவதும் எனக்கு ஆற்றாமையைத் தருகிற விஷயங்கள். வழுக்கல் என்றால் என்ன, அதை எப்படி உறுதி செய்வது, எதை முதலில் பார்ப்பது என்ற மூன்றும் தெரிந்தால் வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் தெளிவாகப் பேச முடியும். டாடா 207, பழைய பொலேரோ பிக்கப், 2005இல் வந்து 'குட்டியானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் போன்ற மேனுவல் கியர் டீசல் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒற்றைப் பிளேட் உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காமல் ஒரே பிளேட்டோடு இயங்குவது) உள்ள மற்ற வண்டிகளுக்கும் இதன் அடிப்படை பொருந்தும்.

கிரைண்டர் பெல்ட்டும் கிளட்ச்சும்

வீட்டில் பெல்ட்டால் ஓடும் பழைய வெட் கிரைண்டர் இருந்தால் வழுக்கலை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அரிசி அதிகமாகி மாவு கெட்டிப்பட்டால் பாத்திரம் சுற்றுவது மெதுவாகும். கீழே மோட்டார் மட்டும் சுமை குறைந்ததுபோல் வேகமெடுத்து ஓடும். சிறிது நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வரும். மோட்டாரில் பழுதில்லை, பாத்திரத்திலும் பழுதில்லை. இரண்டையும் இணைக்கும் பெல்ட்டின் பிடி போதவில்லை.

பெல்ட் ஏன் பிடியை இழக்கிறது? இழுவிசை தளர்ந்திருக்கலாம், தேய்ந்து மழுங்கியிருக்கலாம், அதன் மேல் எண்ணெய் பட்டிருக்கலாம். இந்த மூன்றும் சரியாக இருந்தும் தாங்க முடியாத சுமையைப் போட்டிருக்கலாம். வண்டியின் கிளட்ச்சும் உராய்வை நம்பித்தான் இன்ஜினின் சுற்றலைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. அது வழுக்குவதற்கும் இந்த நான்கே காரணங்கள்: அழுத்தம் குறைதல், தேய்மானம், எண்ணெய், மிகைச் சுமை. கட்டுரையின் பிற்பகுதியில் வரும் தேடல் முழுவதும் இந்த நான்குக்குள் அடங்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கிரைண்டர் பெல்ட் எப்போதும் இணைந்தே இருக்கும். கிளட்ச்சை ஓட்டுநர் தேவைப்படும்போது பிரித்துச் சேர்க்கலாம். அந்த வசதிக்காகத்தான் உள்ளே இத்தனை பாகங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜினின் பின்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. இன்ஜின் சுற்றும்போது அதுவும் சுற்றும். அதன் தட்டையான முகத்தின் மேல் கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டி ஆணியடித்த வட்டத் தகடு அது. அதன் நடுவில் பற்கள் வெட்டிய துளை இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு அந்தத் துளைக்குள் நுழைந்திருக்கும். பிளேட் சுற்றினால் தண்டு சுற்றும், தண்டு சுற்றினால் கியர் வழியாகச் சக்கரம் சுற்றும்.

பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். இது ஃப்ளைவீலுடன் போல்ட் போட்டு இறுக்கிய மூடிக்குள் இருக்கிறது. அழுத்தத்தைத் தருவது டயாஃப்ரம் ஸ்பிரிங், அதாவது நடுவை நோக்கி விரல்கள் நீட்டிய கிண்ண வடிவ எஃகு ஸ்பிரிங். கால் பெடலில் இல்லாதபோது இந்த ஸ்பிரிங் முழு பலத்தோடு பிளேட்டை இறுக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற பேரிங் முன்னால் நகர்ந்து ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும். ஸ்பிரிங் நெம்புகோல்போல் இயங்கி பிரஷர் பிளேட்டைப் பின்னுக்கு இழுக்கும், பிளேட் விடுபடும். இவை அனைத்தையும் மூடியிருக்கும் மணி வடிவக் கூட்டுக்குப் பெல் ஹவுசிங் என்று பெயர்.

வண்டியைப் பிடித்து நகர்த்துவது ஸ்பிரிங்கின் அழுத்தம். உங்கள் கால் அந்த அழுத்தத்தை விலக்க மட்டுமே செய்கிறது. ஆகவே பெடலின் மேல் ஓய்வாக வைத்த கால்கூட அந்த அழுத்தத்தில் ஒரு பங்கைத் திருடுகிறது.

இதுவரை பார்த்தது: ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் நசுங்கி நிற்கிறது. நசுக்குவது டயாஃப்ரம் ஸ்பிரிங். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறது.

வழுக்கல் என்பது எது

பெடலிலிருந்து காலை முழுமையாக எடுத்துவிட்ட பிறகும் ஃப்ளைவீல் ஒரு வேகத்திலும் கிளட்ச் பிளேட் அதைவிடக் குறைந்த வேகத்திலும் சுற்றினால் அதுதான் வழுக்கல். ஓட்டுநர் இருக்கையில் இது இப்படித் தெரியும்: ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள், இன்ஜின் இரைச்சல் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை.

கிளம்பும்போது பெடலை மெல்ல விடுகையில் சில நொடி வழுக்கல் இருக்கத்தான் செய்யும். அது கிளட்ச்சின் வேலை; நின்ற வண்டியையும் ஓடும் இன்ஜினையும் அப்படித்தான் சேர்க்க முடியும். கால் முழுதாக விலகிய பிறகும் தொடர்கிற வழுக்கல்தான் நோய்.

இந்த நோயைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். (முறுக்குவிசை என்பது ஒன்றைச் சுழற்றத் திருகும் பலம்.) மேட்டில் முழு விசையோடு ஏறும்போது ஃப்ளைவீலுக்கும் பிளேட்டுக்கும் இடையே நிமிடத்துக்கு 500 சுற்று வித்தியாசம் இருந்தால், 10 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமான திறன் அப்படியே வெப்பமாகிறது. கிட்டத்தட்ட 14 குதிரைத்திறன். அவ்வளவு வெப்பமும் காற்றோட்டம் குறைந்த பெல் ஹவுசிங்குக்குள், ஒரு தட்டின் இரண்டு முகங்களில் இறங்குகிறது.

சூடேறிய உராய்வுப் பொருளின் பிடி குறையும். பிடி குறைந்தால் வழுக்கல் கூடும், வழுக்கல் கூடினால் மேலும் சூடாகும். ஃப்ளைவீலின் முகம் நீலம் பாய்ந்து நுண்ணிய வெடிப்பு விடும். ஸ்பிரிங் தன் முறுக்கை இழக்கும். ஊருக்குள் எப்போதோ ஒருமுறை தலைகாட்டிய வழுக்கல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறினால் பாதி வழியிலேயே வண்டியை நிறுத்திவிடக்கூடும்.

வழுக்கல் போலத் தோன்றுபவை

பெரிய குழப்பம் இங்கேதான் இருக்கிறது. "வண்டி இழுக்கவில்லை" என்றதும் கிளட்ச்சின் மேல் பழி விழுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் வேகம் ஏறுகிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்ஜின் வேகமும் ஏறவில்லை, வண்டி வேகமும் ஏறவில்லை என்றால் கிளட்ச் தன் பிடியை விடவில்லை என்று பொருள். இரண்டும் சேர்ந்தே திணறுகின்றன. அடைத்த டீசல் ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போகும் குழாயில் கிழிசல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இதே திணறல் வரும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், இரும்பைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் கோளாறு அங்கே. இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் கியர்பாக்ஸை இறக்குவதில் பயன் இல்லை.

கியர் விழ மறுப்பதும், ரிவர்ஸ் போடும்போது கரகரப்பதும் வழுக்கலுக்கு நேர் எதிரானவை. பெடலை முழுதாக மிதித்தும் பிளேட் விடுபடாமல் ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் அவை வருகின்றன. வழுக்கலில் பிடி போதவில்லை, இதில் விடுதலை போதவில்லை. பெடலின் அசைவை ரிலீஸ் பேரிங்குக்குக் கொண்டுபோகும் கேபிள் தளர்ந்திருக்கலாம், கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்கும் வண்டியானால் அந்த ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதினால் வைத்தியம் தலைகீழாகிவிடும். கியர் விழவில்லை என்பதற்காகக் கேபிளை அளவுக்கு மேல் இறுக்கி, அதனாலேயே வழுக்கலை வரவழைத்துக்கொள்ளும் வண்டிகள் உண்டு.

கிளம்பும்போது மட்டும் வரும் குலுக்கலுக்குப் பிளேட்டில் சீரற்ற பிடி, எண்ணெய்த் துளி, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போன்றவை காரணமாகலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் எழும் இரைச்சல் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கின் குரல். ஓடும்போது கியர் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டாலும் இன்ஜின் சட்டென்று இரையும். அது கியர்பாக்ஸின் கோளாறு. லீவர் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சுருக்கிச் சொன்னால், இன்ஜின் ஏறி வண்டி ஏறாவிட்டால் வழுக்கல். இரண்டும் ஏறாவிட்டால் இன்ஜின் அல்லது பிரேக். கியர் விழாவிட்டால் பிளேட் விடுபடவில்லை.

டாப் கியரில் முதலில் தெரிவது ஏன்

முதல் கியரில் நன்றாகக் கிளம்பும் வண்டி நான்காவதில் மட்டும் வழுக்கும்போது "கிளட்ச் என்றால் எல்லாக் கியரிலும் வழுக்க வேண்டுமே, இது கியர்பாக்ஸ்தான்" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வழுக்கல் தொடங்கும் கட்டத்தில் அப்படித்தான் தெரியும்.

முதல் கியரில் சக்கரத்தைச் சுழற்றுவது இன்ஜினுக்கு எளிது. மிதித்தவுடன் இன்ஜின் சரசரவென்று வேகமெடுத்துவிடும். அதன் முறுக்குவிசையில் ஒரு பகுதி கனமான ஃப்ளைவீலையே வேகப்படுத்துவதில் செலவாகும். கிளட்ச் வழியாகப் போவது மீதிதான், அதுவும் சில நொடிகளுக்குத்தான். அதற்குள் அடுத்த கியர் போட்டுவிடுவோம். டாப் கியரில் வண்டி மெதுவாகத்தான் வேகமெடுக்கும். இன்ஜின் தரும் முறுக்குவிசை ஏறக்குறைய முழுவதும் கிளட்ச்சைக் கடந்தாக வேண்டும், அதுவும் நீண்ட நேரத்துக்கு. டர்போ டீசலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டர்போ காற்றழுத்தம் சேர்க்கச் சிறிது நேரம் எடுப்பதால் முழு முறுக்குவிசை டாப் கியரில் நிதானமாக வந்து நிற்கும். கிளட்ச்சின் பிடி ஓரளவு குறைந்திருந்தால் அந்த நேரத்தில்தான் கைவிடும்.

கீழ்க் கியர்களிலும் வழுக்கத் தொடங்கிவிட்டால் நோய் முற்றிவிட்டது.

சாலையில் சோதிப்பது

மேலே சொன்ன காரணத்திலிருந்தே சோதனையும் கிடைக்கிறது. போக்குவரத்து இல்லாத, காய்ந்த, நேரான தார்ச் சாலை வேண்டும். சேற்றில் சோதித்தால் டயர் வழுக்குவதைக் கிளட்ச் வழுக்கலாக எண்ணிவிடுவோம். இன்ஜின் சூடான பிறகு நான்காவது கியரில் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள். பின் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். நல்ல கிளட்ச்சில் இரைச்சலும் வேகமும் கைகோத்து மெதுவாக ஏறும். வழுக்கும் கிளட்ச்சில் இரைச்சல் துள்ளி மேலே போகும், வேகமானியின் முள் பின்தங்கும். காலைத் தளர்த்தியவுடன் இரைச்சல் பழைய இடத்துக்கு இறங்கி வேகத்தோடு சேர்ந்துகொண்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. சமதளத்தில் தெரியாவிட்டால் சிறிது பாரத்தோடு மிதமான ஏற்றத்தில் பார்க்கலாம்.

இன்ஜின் சுற்று காட்டும் டாக்கோமீட்டர் உள்ள வண்டியானால் செவியை மட்டும் நம்ப வேண்டாம், கணக்கே தீர்ப்புச் சொல்லும். கிளட்ச் இறுகப் பிடித்திருக்கும்போது ஒரு கியரில் இன்ஜின் சுற்றுக்கும் வண்டி வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. பற்சக்கரங்கள் அதை நிர்ணயித்துவிட்டன. நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் 1600 சுற்று காட்டினால், 60 கிலோமீட்டரில் 2400 காட்ட வேண்டும். முழு விசையில் 60ஐத் தொடும்போது 2900 காட்டினால் அந்த 500 சுற்று கிளட்ச்சில் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. அருகில் உட்கார்ந்திருப்பவர் மீட்டர்களை மொபைலில் வீடியோ எடுத்தால் பின்பு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மெக்கானிக்கிடம் காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்னொரு சோதனை பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, வலது காலால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, டாப் கியரில் ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் கிளட்ச் பெடலை மெல்ல விடுவது. இன்ஜின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் மிக மோசமாக வழுக்குகிறது. பெடலை உடனே மிதித்து இன்ஜினை அணைத்துவிடுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது, இன்ஜின் தரும் முறுக்குவிசை சிறியது. அதைத் தாங்கும் கிளட்ச், மேட்டில் முழு முறுக்குவிசை வரும்போது கைவிடலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் செய்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. சாலைச் சோதனையையும் செய்தே தீர வேண்டும். சிலர் ஹேண்ட்பிரேக் சோதனையில் ஆக்சிலரேட்டரையும் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் நன்றாக இருந்த பிளேட்டும் கருகும்.

காரணத்தை வெளியிலிருந்து தேடுவது

வழுக்கல் உறுதியாகிவிட்டது. உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா? ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். வெளியே பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் பெடல். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச் பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். கேபிள் வகை வண்டிகளில் தொடக்கத்தில் சிறிது தூரம் தடையில்லாமல் போகும், பிறகு பாரம் தெரியும். தடையில்லாத அந்தச் சிறு தூரத்துக்கு ஃப்ரீ பிளே என்று பெயர். ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங் விரல்களைத் தொடாமல் விலகி நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். பல வண்டிகளில் 15 முதல் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஏனெனில் மற்ற இடங்களில் தேய்மானம் தளர்வைத்தான் கூட்டுகிறது. கிளட்ச்சில் நேர்மாறாக நடக்கிறது. பிளேட் மெலியும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி முன்னேறும். டயாஃப்ரம் ஸ்பிரிங் நெம்புகோல் என்பதால் அதன் வெளி விளிம்பு முன்னால் போகும்போது உள் விரல்கள் பின்னால், ரிலீஸ் பேரிங்கை நோக்கிச் சாயும். இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் இல்லாமல் போகும். அதன் பிறகு நீங்கள் பெடலைத் தொடாமலேயே பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பகுதி எப்போதும் விலக்கப்பட்டே இருக்கும். பிளேட்டில் இன்னும் சதை இருந்தும் கிளட்ச் வழுக்கும்.

இந்த நிலையில் கேபிளின் நட்டைத் தளர்த்தி ஃப்ரீ பிளேயை மீட்டாலே வழுக்கல் நின்றுவிடக்கூடும். இதற்குச் சில நிமிடம் போதும். கேபிளை மாற்றிய பின்போ, கியர் விழவில்லை என்று யாரோ இறுக்கிய பின்போ வழுக்கல் தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபிள் உள்ளே துருப்பிடித்து முழுதாகப் பின்வாங்காமல் நின்றாலும் இதே விளைவு. ஆனால் வழுக்கிக்கொண்டே பல நாள் ஓடிய வண்டியில் பிளேட் ஏற்கெனவே கருகியிருக்கலாம். அங்கே நட்டைத் தளர்த்துவதால் முழுப் பலன் வராது.

ஹைட்ராலிக் வகையில் கேபிளுக்குப் பதிலாகத் திரவம் வேலை செய்கிறது. பெடல் அருகே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்தத் தள்ளலை வாங்கி ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும். இதில் தேய்மானத்துக்கு ஏற்பத் திரவம் தானாகவே டப்பாவுக்குத் திரும்பிவிடுவதால் பொதுவாக அடிக்கடி திருத்தம் தேவைப்படாது. பெடல் முழுதாக மேலே வந்ததும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு துவாரம் திறக்க வேண்டும், திரவம் திரும்புவது அதன் வழியாகத்தான். பெடலுக்கு அடியில் மடங்கிய மிதியடி, நீளமாக வைத்துவிட்ட தள்ளுதண்டு, தவறான எண்ணெய் ஊற்றியதால் ஊதிப்போன ரப்பர் வாஷர் போன்றவை அந்தத் துவாரத்தை மூடிவிட்டால் அழுத்தம் குழாயில் தங்கிவிடும். வண்டி சூடாகச் சூடாகத் திரவம் விரிந்து ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். காலையில் நன்றாக இருந்து, ஓடி ஓடிச் சூடான பின் வழுக்கி, ஆறியதும் மறுபடி நன்றாகிவிடும் வண்டியில் இதையும் பார்க்க வேண்டும். வழுக்கும் நேரத்தில் மெக்கானிக் ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நீக்கும் நிப்பிளைச் சற்றுத் திறந்து பார்க்கலாம். திரவம் பீய்ச்சி அடித்து, வழுக்கலும் நின்றுவிட்டால் கோளாறு பிளேட்டில் இல்லை.

மூன்றாவதாகப் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதி. கீழே குனிந்து பாருங்கள். எண்ணெய் ஈரமும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தால், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் முன்பக்க ஆயில் சீலோ கசிந்து பிளேட்டை நனைத்திருக்கலாம். சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு, இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும். எது கசிகிறது என்பதை ஓரளவு இதிலிருந்தே ஊகிக்கலாம். மேலே வால்வு கவரிலிருந்து வழிந்த எண்ணெயும் இதே இடத்துக்கு வந்து சேரும் என்பதால் முதலில் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டி, ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பது நல்லது.

கடைசியில் பாரம். வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டி ஏற்றிக்கொண்டு, இரண்டாவது கியரில் கிளம்பி, மேட்டில் பிரேக் பிடிக்காமல் பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் எந்தச் செட்டும் நிலைக்காது. புதுச் செட் போட்டும் விரைவிலேயே வழுக்கல் திரும்பினால், உதிரிபாகத்தைக் குறை சொல்லும் முன் ஓட்டும் விதத்தைப் பார்ப்பது நியாயம்.

இப்பகுதியில் பார்த்தது: ஃப்ரீ பிளே இல்லாமை, கேபிள் சிக்கல், ஹைட்ராலிக்கில் தங்கிய அழுத்தம் ஆகியவற்றைக் கியர்பாக்ஸை இறக்காமலே சரிசெய்யலாம். எண்ணெய் நனைந்த பிளேட்டுக்கும் தேய்ந்த பிளேட்டுக்கும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்கிவிட்டால் எதைப் பார்ப்பது

கியர்பாக்ஸ் கீழே வந்தபின் அருகில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிளேட்டின் உராய்வுப் பொருளில் பதிந்திருக்கும் ஆணித்தலைகள் மேற்பரப்புக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதே தேய்மானத்தின் அளவு. ஆழம் 0.3 மில்லிமீட்டராகிவிட்டால் அந்தப் பிளேட்டின் ஆயுள் முடிந்தது என்பது பல தயாரிப்பாளர்களின் வரையறை. பிளேட் தடிமனாகவே இருந்து முகம் மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. ஈரமாகவோ கறுத்த பிசினாகவோ இருந்தால் எண்ணெய். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போட்டுவிடலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணெய் உராய்வுப் பொருளுக்குள் ஊறியிருக்கும், சூடானதும் மறுபடி வெளியே வரும்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சரி. பிரஷர் பிளேட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ரிலீஸ் பேரிங்கின் விலை மொத்தச் செலவில் சிறு பங்கு. அது மட்டும் பின்னால் கெட்டால் மறுபடி முழு இறக்குக் கூலி. ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டோ வரியோ வெடிப்போ இருந்தால் கடைசல் பட்டறைக்கு அனுப்பிச் சமப்படுத்த முடியுமா, மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். ஆயில் சீல் சிறிதளவு கசிந்தாலும் அப்போதே மாற்றிவிடுங்கள். இந்த ஒன்றை விட்டுவிடுவதால்தான் பலர் இரண்டாவது முறை செலவு செய்கிறார்கள்.

பெல் ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது. பழைய உராய்வுப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் உதவிக்கு நிற்கும் சிறு வயதுத் தொழிலாளிகள்தான் இந்தத் தூசியை அதிகம் சுவாசிக்கிறார்கள். வண்டிக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களுக்குப் பாதுகாப்பு.

புதுச் செட் போட்ட பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழுப் பாரமும் மலை ஏற்றமும் வேண்டாம். புதிய பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றுக்கொன்று முகம் பொருந்த அவகாசம் வேண்டும்.

மலைப்பாதையில் வழுக்கத் தொடங்கினால்

பாரத்தோடு ஏறும்போது வழுக்கல் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தத்தான் கால் போகும். காலைத் தளர்த்துங்கள். இன்ஜினின் முறுக்குவிசையைக் கிளட்ச்சின் பிடிக்குள் கொண்டுவந்தால் வழுக்கல் நிற்கும், வண்டி மெதுவாகவாவது நகரும். கீழ்க் கியருக்கு மாறி, மென்மையாக மிதித்து, அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டுங்கள். கருகிய வாடை கடுமையாக வந்துவிட்டால் அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். பெல் ஹவுசிங்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறிய வார்ப்பிரும்பும் அலுமினியமும் விரிசல் விடும். மீதி ஏற்றத்துக்குப் பாரத்தில் ஒரு பகுதியை வேறு வண்டிக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

அந்த வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டால் நின்றுவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். கியரில் நிற்கும் வண்டியைப் பிடித்து வைப்பதும் அதே கிளட்ச்தான். மோசமாக வழுக்கும் கிளட்ச் பாரத்தின் இழுப்பைத் தாங்காமல் வண்டியை மெல்ல உருள விட்டுவிடும். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, ஸ்டியரிங்கை மலைச்சுவர் பக்கம் வண்டி சாயும்படி திருப்பி, சரிவின் கீழ்ப்பக்கமாகச் சக்கரத்துக்கு அடியில் பெரிய கல்லை இறுக வைத்த பிறகே வண்டியை விட்டு விலகுங்கள்.